டார்ச்சைக் கவ்விய வாய்

எருமப்பட்டியிலிருந்து துறையூர் போகும் சாலையை விட்டு இறங்கி, சோளக்காட்டு வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு மோட்டார் ரூம். ராத்திரி பதினொரு மணி. வடகிழக்கே கொல்லிமலை கருப்பாகப் படுத்துக் கிடக்கிறது. த்ரீ பேஸ் கரண்டு வந்துவிட்டது, மோட்டார் மட்டும் ஓடவில்லை. பீஸ் போயிருக்கிறது.

மெயினை இறக்கிவிட்டுப் பீஸ் கட்டையைப் பிடுங்க ஒரு கை வேண்டும், கம்பியை முறுக்க இன்னொரு கை வேண்டும். அப்படியானால் டார்ச் லைட்டுக்கு இடம் வாய்தான். விவசாயி அதைப் பல்லில் கவ்விக்கொள்கிறார். அரை நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நிமிடத்தில் காதுக்கு முன்னால் கடுக்கத் தொடங்குகிறது. அப்புறம் எச்சில் ஒழுகுகிறது, தாடை லேசாக நடுங்குகிறது, வெளிச்சமும் கூடவே ஆடுகிறது. டார்ச்சை எடுத்து மகனிடம் நீட்டுகிறார். “கண்ணு, இதைச் சித்தெ புடி.”

“ஏனுங்கப்பா, அதுக்குள்ள வாய் வலிக்குதுங்களா?”

பையன் கேட்டது நியாயமான கேள்வி. இதே அப்பா பொங்கலன்று திண்ணையில் உட்கார்ந்து ஒரு முழுக் கரும்பைக் கடித்து, மென்று, துப்பித் தீர்த்தவர். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அப்போது தாடை வலித்ததாக அவர் சொல்லவில்லை. கரும்பு மெல்வது கடினமான வேலை. டார்ச்சைச் சும்மா பிடித்துக்கொண்டிருப்பது ஒரு வேலையே இல்லை என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படியிருக்க லேசான வேலை ஏன் முதலில் களைக்க வைக்கிறது?

இதற்கான விடை தாடைக்குள் ரத்தம் போகும் வழியிலும், அது போகும் நேரத்திலும் இருக்கிறது.

கன்னத்தில் கை வையுங்கள்

படிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் கன்னத்தின் பின்பக்கம், காதுமடலுக்குக் கீழே தாடை திரும்பும் மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைவாய்ப் பற்களை இறுகக் கடியுங்கள். கைக்குக் கீழே உருண்டு திரண்டு ஒன்று எழும்புகிறதா? விட்டால் அமுங்குகிறதா? அதுதான் இந்த அத்தியாயத்தின் நாயகன். மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் கிரேக்கப் பெயருக்கு ‘மெல்லுபவன்’ என்று பொருள். நாம் மெல்தசை என்று வைத்துக்கொள்வோம். கன்ன எலும்பிலிருந்து கிளம்பிக் கீழ்த்தாடையின் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும் தடித்த பட்டை அது.

விரல்களை நெற்றிப்பொட்டுக்கு நகர்த்தி மறுபடி கடித்தால் அங்கேயும் ஒன்று புடைக்கும். அது பொட்டுத் தசை. தாடை எலும்புக்கு உட்புறம், விரலுக்கு எட்டாத இடத்தில், இன்னும் இரண்டு உண்டு. ஆக, பக்கத்துக்கு நான்கு. மற்ற மூன்றையும் இங்கே விட்டுவிடுகிறேன். மெல்தசையைப் புரிந்துகொண்டால் அவற்றின் கதையும் பெரும்பாலும் புரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டுத்தலையை வெட்டுவதைக் கவனித்திருந்தால் இந்தத் தசையை நீங்கள் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். தாடையோடு ஒட்டிய கறி தொடைக்கறியைவிட அடர்ந்த சிவப்பாக இருக்கும், வேக நேரம் எடுக்கும். ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் சிவப்பு நிறப் புரதம் அதில் அதிகம். நாள் முழுக்க இலை தழையை அரைக்கும் தசை அல்லவா? ஊர்ப் பெயரிலேயே எருமையை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எருமை ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை மட்டுமே போடும். மேய்கிற நேரம் தனி.

நிமிடத்துக்கு இருபது சொட்டு

மனிதனின் ஒரு பக்கத்து மெல்தசை ஏறக்குறைய 25 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆள் கூடும், குறையும். ஓய்வில் இருக்கும் தசைக்கு, 100 கிராமுக்கு நிமிடத்துக்கு 3 முதல் 4 மில்லி ரத்தம் போகும் என்பது பாடநூல் கணக்கு. அப்படியானால் நம் மெல்தசைக்கு அதிகபட்சம் ஒரு மில்லி. குளுக்கோஸ் பாட்டில் ஏற்றும்போது குழாயில் விழும் சொட்டுகளை எண்ணியவர்களுக்குத் தெரியும், ஒரு மில்லிக்கு இருபது சொட்டு.

நிமிடத்துக்கு இருபது சொட்டு. உங்கள் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயில் மாட்டியிருக்கும் சாதாரண டிரிப்பர் மணிக்கு 4 லிட்டர் விடும், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 67 மில்லி. ஒரு மரவள்ளிக் குச்சிக்குக் கொடுக்கும் தண்ணீரில் அறுபதில் ஒரு பங்குதான் ஓய்வில் இருக்கும் தசைக்குக் கிடைக்கிறது. இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் இறைக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இது கஞ்சத்தனமாகத் தோன்றும். ஆனால் சும்மா இருக்கும் தசைக்கு அது போதும். மீதி ரத்தத்துக்கு மூளையும் சிறுநீரகமும் கை நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

வேலை தொடங்கினால் கணக்கு மாறிவிடும். உழைக்கும் தசை பத்து மடங்கு, அதற்கு மேலும் கேட்கும்.

கவட்டைக்குள் புகும் வாய்க்கால்

அந்த ரத்தம் எந்த வழியாக வருகிறது?

இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாயிலிருந்து கழுத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு தமனி மேலேறுகிறது. தமனி என்பது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய். திரும்பக் கொண்டுபோவது சிரை. இரண்டுக்கும் நடுவே மயிரைவிட மெல்லிய தந்துகிகள். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரிந்து, ஒன்று மூளைக்குப் போகும். மற்றொன்று முகத்துக்கானது. அது தாடையின் பின்விளிம்பை ஒட்டி ஏறி, காதுக்கு முன்னால் மறுபடி இரண்டாகக் கிளைக்கிறது. ஒரு கிளை நேராகப் பொட்டுக்குப் போகிறது. இன்னொன்று தாடை எலும்பின் கழுத்துக்குப் பின்புறமாக வளைந்து உள்ளே நுழைந்துவிடுகிறது. உள்ளே நுழைந்ததுதான் மேல்தாடைத் தமனி. பெயர் அப்படி இருந்தாலும் கீழ்த்தாடைப் பற்களுக்கும் மெல்லும் தசைகள் நான்குக்கும் அதுதான் படியளக்கிறது.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. தமனி எலும்புக்கு உட்பக்கம். மெல்தசை எலும்புக்கு வெளிப்பக்கம். நடுவில் சுவர் போலத் தாடை எலும்பு. ஏரித் தண்ணீர் கரைக்கு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம் என்றால் என்ன செய்வோம்? கரையில் மதகு வைப்போம்.

உடல் அதையே செய்திருக்கிறது. கீழ்த்தாடை எலும்பு மேலே முடியும் இடத்தில் உண்டிவில்லின் கவட்டை போல இரண்டு கொம்புகளாகப் பிரிகிறது. பின்கொம்பு காதுக்கு முன்னால் மூட்டாகப் பொருந்தியிருக்கிறது. முன்கொம்பில் பொட்டுத் தசை பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். மேல்தாடைத் தமனியிலிருந்து கிளைக்கும் மெல்தசைத் தமனி, தன் நரம்பைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்தின் வழியாக வெளியே வந்து, மெல்தசைக்குள் அதன் அடிப்பக்கமாக நுழைகிறது. தாடை மூட்டில் அறுவை செய்பவர்கள் இந்தப் பள்ளத்தை மரியாதையோடு நெருங்குவார்கள். எலும்புக்கும் அந்தச் சிறு தமனிக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான்.

ஒரே மதகை நம்பி எந்தச் சம்சாரியும் வெள்ளாமை வைக்கமாட்டான். கிணறு ஒன்று, போர் ஒன்று, பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேட்டு வாங்கும் தண்ணீர் கொஞ்சம் என்று வைத்துக்கொள்வான். மெல்தசையும் அப்படித்தான். கன்ன எலும்புக்குச் சற்றுக் கீழே குறுக்காக ஓடும் ஒரு தமனி மேலிருந்து கிளை கொடுக்கிறது. முகத் தமனி முன்விளிம்பில் கொடுக்கிறது. பின்னாலிருந்து கழுத்துத் தமனியின் முகக் கிளையே நேரடியாகக் கொஞ்சம் கொடுக்கிறது. தசைக்குள் இவை ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. அதனால் அறுவையில் ஒரு கிளையைக் கட்ட நேர்ந்தாலும் தசை பெரும்பாலும் பிழைத்துவிடுகிறது.

இவற்றில் இரண்டை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். பல்லைக் கடித்து மெல்தசையைப் புடைக்க வைத்து, அதன் முன்விளிம்பு கீழ்த்தாடையைத் தொடும் இடத்தில் விரலை எலும்போடு மெதுவாக அழுத்துங்கள். பிறகு தாடையைத் தளர்த்துங்கள். துடிப்பு தெரிந்தால் அது முகத் தமனி. காதுத் துளைக்கு நேர்முன்னால் துடிப்பது பொட்டுக்குப் போகும் கிளை. முதல் முயற்சியில் கிடைக்காவிட்டால் விரலை அரை அங்குலம் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். எனக்கே மூன்றாவது தடவைதான் கிடைத்தது.

பிழிந்தால் வற்றும்

வழி இவ்வளவு செழிப்பாக இருந்தும் டார்ச்சைக் கவ்வியவருக்கு ஏன் வலித்தது?

தமனிகள் தசைக்குள் இழைகளுக்கு நடுவே ஓடுகின்றன. தசை இறுகும்போது ஒவ்வோர் இழையும் தடித்து, பக்கத்து இழையை நெருக்குகிறது. நடுவில் மாட்டிய குழாய் நசுங்குகிறது. தமனியில் ரத்த அழுத்தம் 120 என்றால், முழு பலத்தோடு இறுகும் தசைக்குள் அழுத்தம் அதைவிட மேலே போய்விடும். ஹோஸ் பைப்பில் கால் வைத்து மிதித்தது போல ரத்தம் நின்றுபோகும். பாதி பலத்தில் இறுகினாலும் ஓட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். அதிகமாக உழைக்கும் நொடியில்தான் தசைக்குக் குறைவாக ரத்தம் கிடைக்கிறது. கேட்க அநியாயமாக இருக்கிறது, ஆனால் கை, கால், தாடை எல்லாத் தசைக்கும் விதி இதுதான். நெஞ்சுக்குள் இருக்கும் இதயமும் தனக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதியைத் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில், தளரும்போதுதான் வாங்கிக்கொள்கிறது.

பிழிவதால் ஒரு நன்மையும் உண்டு. சிரைகளில் தேங்கிய பழைய ரத்தம் வெளியே தள்ளப்படுகிறது. தளர்ந்தவுடன் காலியான இடத்துக்குப் புது ரத்தம் பாய்ந்து வருகிறது. இறுகல், தளர்தல், இறுகல், தளர்தல் என்று மாறி மாறி நடந்தால் தசை தனக்குத்தானே ஒரு கைப்பம்பு. நம் பக்கத்து விவசாயிகளுக்கு இந்த முறை பழகியதுதான். த்ரீ பேஸ் கரண்டு விட்டு விட்டு வந்தாலும், வருகிற நேரத்தில் இறைத்துக்கொண்டால் காடு காயாது.

கரும்புக்கு ஒரு கணக்கு, டார்ச்சுக்கு ஒரு கணக்கு

மெல்லும்போது தாடை ஒரு தடவை திறந்து மூட முக்கால் வினாடி ஆகிறது என்று கொள்வோம். நிமிடத்துக்கு 80 தடவை. ஒவ்வொரு தடவையிலும் மெல்தசை முறுக்கேறி நிற்பது சுமார் 0.3 வினாடிதான். மீதி நேரம் வாய் திறப்பதிலும், மூடத் தொடங்குவதிலும் போகிறது. அப்போது மெல்தசை தளர்ந்திருக்கும். எண்பதை 0.3-ஆல் பெருக்கினால் 24. ஒரு நிமிடக் கரும்பில் 24 வினாடி மதகு மூடியிருக்கிறது, 36 வினாடி திறந்திருக்கிறது. முக்கால் மணி நேரக் கரும்பில் 27 நிமிடம் ரத்தம் தடையின்றிப் பாய்கிறது. போதாததற்கு இடையிடையே சக்கையைத் துப்ப வேண்டும், சாற்றை விழுங்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரோடு நாலு வார்த்தை பேச வேண்டும்.

டார்ச்சில் அந்த 36 வினாடி கிடையாது. கவ்விய வாய் கவ்வியபடியே இருக்க வேண்டும், தளர்ந்தால் டார்ச் காலில் விழும்.

இன்னொரு கோளாறும் உண்டு. டார்ச்சை முன்பற்களால் கவ்வுகிறோம். பாக்குவெட்டியின் நுனியில் கொட்டைப்பாக்கை வைத்து வெட்டிப் பாருங்கள், வெட்டுப்படாது. கீலுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தால் ‘டக்’கென்று பிளக்கும். தாடையின் கீல் காதுக்கு முன்னால் இருக்கிறது. கடைவாய்ப் பல் அதற்கு அருகே, முன்பல் தூரத்தில். அதனால் அதே பிடிக்கு மெல்தசை கூடுதலாக இறுக வேண்டியிருக்கிறது. டார்ச் சின்னதுதான், ஆனால் தசைக்கு அது சின்ன வேலை இல்லை.

ரத்தம் குறைந்த தசை ஆக்சிஜன் இல்லாமலேயே சர்க்கரையை எரித்துச் சமாளிக்கப் பார்க்கிறது. அமிலமும் பொட்டாசியமும் இன்னும் சில கழிவுகளும் சேர்கின்றன. அவற்றை அடித்துக்கொண்டு போக ஓட்டம் இல்லை. தசைக்குள் இருக்கும் வலி நரம்புகள் அதை மோப்பம் பிடித்துக் கூச்சல் போடுகின்றன. டார்ச்சை எடுத்ததும் ரத்தம் குபுகுபுவென்று பாய்ந்து, சற்று நேரத்தில் கடுப்பு அடங்கிவிடுகிறது. எல்லாத் தாடை வலிக்கும் ரத்தக் குறைவே காரணம் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. பல், மூட்டு, நரம்பு என்று வேறு பல காரணங்கள் இருக்கின்றன. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் காலையில் தாடைக் கடுப்போடு எழுவதில் இந்த நெருக்குதலுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

தளரும் நேரத்தில் பத்து மடங்கு ரத்தம் எப்படிப் பாய்கிறது என்பதற்கு டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் நூறாண்டுக்கு முன்பு ஒரு விடை சொன்னார். ஓய்வில் இருக்கும் தசையில் தந்துகிகள் எல்லாவற்றிலும் ரத்தம் ஓடுவதில்லை, வேலை வந்ததும்தான் மேலும் மேலும் திறக்கின்றன என்று அவர் காட்டினார். 1920-இல் அதற்கு நோபல் பரிசு. திறக்கச் சொல்லி உத்தரவு போடுவது பெரும்பாலும் அந்த இடத்திலேயே சேரும் கழிவுகள்தான். மூளையைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. கடைமடை வயலே கை நீட்டி மதகைத் திறந்துகொள்வது போல.

வெற்றிலைப் பெட்டி

மெல்லுதல் என்றதும் நம் பக்கத்தில் பரமத்தி வேலூர் வெற்றிலை நினைவுக்கு வராமல் போகாது. வெற்றிலை மெல்பவர் தாடை வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை, அவ்வளவு மெதுவான மெல்லல் அது. தொல்லை வேறு பக்கமிருந்து வருகிறது, பாக்கிலிருந்து.

வாயின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசுவைப் பெருக்கும் தன்மை பாக்குக்கு உண்டு. பல வருடம் அடக்கி வைத்தால் கன்னத்தின் உள்பக்கம் பளிங்கு போல வெளுக்கிறது. அங்கே ரத்தக்குழாய்கள் நெரிந்து குறைந்துவிட்டதன் அடையாளம் அந்த வெளுப்பு. நோய் முற்றினால் நார் ஆழத்துக்கு இறங்கித் தசையையும் பாதிக்கிறது. வாய் திறப்பு சுருங்கி, மூன்று விரல் நுழைந்த இடத்தில் ஒரு விரல் நுழைவதே கஷ்டமாகிவிடும். 1952-இல் ஸ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைப் பார்த்து எழுதினார். கொஞ்ச நாளில் பம்பாயில் எஸ்.ஜி. ஜோஷியும் எழுதினார். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்தது. ‘நான் போயிலை போடறதில்லீங்க, வெறும் பாக்குத்தான்’ என்று சமாதானம் சொல்பவர்கள் இந்த ஒரு வரியைக் கவனிக்க வேண்டும். மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பார்ப்பது செலவில்லாத பரிசோதனை.

நொண்டும் தாடை

டார்ச் இல்லை, கரும்பு இல்லை. சாதாரணச் சோறு. அறுபது, எழுபது வயதானவர் பத்து வாய் மெல்கிறார், தாடை கடுக்கிறது, நிறுத்துகிறார். ஐந்து நிமிடத்தில் சரியாகிறது. மறுபடி மெல்கிறார், மறுபடி கடுக்கிறது. ‘பல் சரியில்லை’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

கால் ரத்தக்குழாய் அடைத்தவர்கள் நூறடி நடந்ததும் கெண்டைக்கால் வலித்து நிற்பார்கள், நின்றால் சரியாகும், நடந்தால் வரும். தாடையிலும் அதே போல நடப்பதைத் தாடை நொண்டல் என்று சொல்லலாம். மதகு திறந்திருக்கும் நேரத்திலும் தண்ணீர் வருவதில்லை, ஏனென்றால் வாய்க்காலே தூர்ந்திருக்கிறது. தமனிச் சுவரில் அழற்சி ஏற்பட்டு, சுவர் தடித்து, உள்வழி சுருங்கிவிட்ட நிலை அது.

1890-இல் லண்டன் மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன், தலையில் சிவந்த கோடுகள் ஓடியதால் தொப்பி வைக்க முடியாமல் அவதிப்பட்ட ஒரு முதியவரைப் பற்றி எழுதினார். கோடுகள் வீங்கிய பொட்டுத் தமனிகள். நம் ஊராக இருந்தால் உருமால் கட்ட முடியவில்லை என்று வந்திருப்பார். 1932-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பேயர்ட் ஹார்ட்டன் இந்தத் தமனி அழற்சியைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். ஐம்பது வயதுக்கு மேல்தான் வரும்; வடக்கு ஐரோப்பாவில் அதிகம், நம்மவர்களிடம் அரிது. அரிது என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை என்பதுதான் ஆபத்து. இதே அழற்சி கண்ணுக்குப் போகும் தமனியைப் பிடித்தால் பார்வை திடீரென்று போகும், போனது பெரும்பாலும் திரும்பாது. உரிய நேரத்தில் ஸ்டீராய்டு தொடங்கினால் கண்ணைக் காப்பாற்றலாம். மெல்லும்போது தாடை கடுப்பு, புதிதாக வந்த பொட்டு வலி, தலை சீவினால் எரிச்சல் மூன்றும் வயதானவரிடம் சேர்ந்து இருந்தால் பல் மருத்துவரோடு நிறுத்தாமல் பொது மருத்துவரிடமும் உடனே கூட்டிப்போங்கள்.

ஆகாய கங்கைப் படிகள்

கடைசியாக ஒன்று. கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்க வேண்டும். குளித்துவிட்டு ஏறும்போதுதான் உடம்பு தெரியும். அப்படி ஏறும்போது ஒருவருக்குத் தாடை வலிக்கிறது. அவர் எதையும் மெல்லவில்லை, எதையும் கவ்வவில்லை. உட்கார்ந்தால் குறைகிறது, ஏறினால் கூடுகிறது.

இதுவரை நாம் பார்த்த மெல்தசைக்கும் அதன் தமனிக்கும் இந்த வலியில் ஒரு சம்பந்தமும் இருக்காது. இதயத்திலிருந்து வரும் வலிச் செய்தியும் தாடையிலிருந்து வரும் வலிச் செய்தியும் நரம்பு மண்டலத்தில் போகும் வழியில் கலந்துவிடுகின்றன. அதனால் மூளை இடம் மாற்றிப் புரிந்துகொள்கிறது. ரத்தம் போதாமல் தவிப்பது இதயத் தசை. மார்பு வலியே இல்லாமல் தாடை வலியாக மட்டும் இது வருவதுண்டு, பெண்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் கூடுதலாக.

படி ஏறும்போது, சைக்கிள் மிதிக்கும்போது, மூட்டை தூக்கும்போது தாடை வலித்து, நின்றால் விடுகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் கிராம்புத் தைலம் தடவிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே ஈசிஜி எடுக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வலி உட்கார்ந்த பிறகும் விடாமல், வியர்வையும் சேர்ந்துகொண்டால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.